ஆலை மண்ணில் நச்சுக்கழிவு: சட்டப் பொறுப்பு யாருக்கு, அடுத்து என்ன செய்வது? ஒரு முழுமையான வழிகாட்டி

புதுக் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண் மஞ்சளாக வருகிறது. அல்லது, பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறார். ஆலைக்காரர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இதைக் கொட்டியது நானில்லை, எனக்கு முன்னால் இருந்தவர்." அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தியச் சட்டத்தில் அந்தப் பதிலுக்குக் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. அதை நிரூபிப்பதற்கே முதல் ஆறு மாதத்தைச் செலவழிப்பவர்கள், சேதம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளந்திருக்க வேண்டிய ஆறு மாதத்தை இழக்கிறார்கள்.

முலாம் பூசும் பட்டறை, சாய ஆலை, தோல் பதனிடும் ஆலை, ரசாயனத் தயாரிப்பு என்று சிறிய, நடுத்தர அளவில் தொழில் நடத்துபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஆலைக்கு அக்கம்பக்கத்தில் கிணறும் நிலமும் வைத்திருப்பவர்கள் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து வாசிக்கலாம். அவர்களுக்கான தனிப்பகுதியும் பின்னால் வருகிறது.

சட்டம் யாரைத் தேடி வரும்?

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், ஓர் ஆலையின் நடவடிக்கைகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரைப் பிடிக்கிறது. ஒரு பொருளைக் கைவசம் வைத்திருப்பவரும் அதில் அடங்குவார். ஆக, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது முதல் கேள்வியே அல்ல. குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் மாட்டுவார். மூடிய ஆலையில் பீப்பாய்களோடு இடத்தைப் பூட்டி வைத்திருப்பவரும் மாட்டுவார்.

2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளில் 23ஆம் விதி இதை இன்னும் இறுக்குகிறது. கழிவை முறையற்று கையாண்டதால் சுற்றுச்சூழலுக்கோ மூன்றாம் நபருக்கோ ஏற்படும் எல்லாச் சேதத்துக்கும் கழிவை உண்டாக்கிய ஆலை பொறுப்பு. கழிவை வாங்கி அழிக்கும் நிலையத்தை நடத்துபவருக்கும் அதே பொறுப்பு உண்டு. "லாரியில் ஏற்றிவிட்டோம், அதோடு எங்கள் வேலை முடிந்தது" என்ற பேச்சு இந்த விதியின் முன் நிற்காது.

"நாங்கள் எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தோம்" என்ற வாதம் இன்னொன்று. டெல்லி ஸ்ரீராம் ஆலையில் 1985 டிசம்பரில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்துக்கான கதவை மூடியது. இயல்பிலேயே ஆபத்தான தொழிலை நடத்துபவர், அதனால் விளையும் கேட்டுக்கு விதிவிலக்கே இல்லாத முழுப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆலை எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு இழப்பீடும் பெரியதாக இருக்கும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

வாயுக்கசிவில் பிறந்த இந்தக் கோட்பாட்டை மண்ணுக்கும் கிணற்றுக்கும் கொண்டுவந்தது பிச்ரி வழக்கு. தொழில் நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகத் தெரிந்துகொள்வது நல்லது. ராஜஸ்தானில் உதய்பூருக்கு அருகே உள்ள கிராமம் பிச்ரி. அங்கே 1980களின் இறுதியில், சாயத் தயாரிப்புக்குப் பயன்படும் ஹெச்-அமிலத்தைச் சில ஆலைகள் தயாரித்தன. உற்பத்தியான அமிலம் சுமார் 375 டன். அதிலிருந்து வந்த கசடோ ஏறக்குறைய 2,440 டன். அது ஆலை வளாகத்திலும் வெளியிலும் கிடந்து, மழையில் கரைந்து இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளின் நீரைக் கெடுத்தது. வழக்கு முடிவதற்கு வெகுநாள் முன்பே ஹெச்-அமில உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மண்ணையும் நிலத்தடி நீரையும் மீட்டெடுக்கும் செலவு முழுவதும் ஆலைக்காரர்களுடையதே என்றது. அந்தச் செலவு பின்னர் 37.385 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. ஆலைத் தரப்பு பணத்தைக் கட்டாமல் மனுவுக்கு மேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தது. 2011 ஜூலையில் நீதிமன்றம் அந்தத் தொகைக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியும், தனியாக 10 லட்சம் ரூபாய் வழக்குச் செலவும் விதித்தது. 12 சதவீதக் கூட்டு வட்டியில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை கடன் இரட்டிப்பாகும். இழுத்தடித்தால் மலிவாக முடியும் என்று ஆலோசனை சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

நம் ஊர்ச் செய்தி வேலூர். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் மீதான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் 2001இல் 547 ஆலைகள் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றும், அது 29,193 பேருக்குச் சேர வேண்டும் என்றும் கணக்கிட்டது. அது தொடர்பான பாக்கி 2025 ஜனவரி 30 வரை வந்து உச்ச நீதிமன்றத்தில் நின்றது. ஒருமுறை இழப்பீடு கட்டியதோடு பொறுப்பு தீர்வதில்லை, சேதம் சரியாகும்வரை தொடரும் என்று அன்று நீதிமன்றம் கூறியது. தோல் ஆலைகள் விட்டு நிலத்தடியில் கிடக்கும் குரோமியத்துக்குக் கால வரம்பு கிடையாது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

முதல் படி: மண்ணை நகர்த்தாதீர்கள்

கழிவு கண்ணில் பட்டதும் பலர் செய்வது, இரவோடு இரவாக டிப்பரில் அள்ளி எங்காவது கொட்டுவது. இதைவிட மோசமான முடிவு இல்லை. மண்ணுக்குள் கிடந்தவரை அது பழைய பிரச்சினை. அள்ளிய கணத்தில், அனுமதி இல்லாமல் அபாயகரமான கழிவை இடம் மாற்றிய புதுக் குற்றம் உங்கள் பெயரில் பிறக்கிறது. இரண்டாவது இடமும் கெடுகிறது. அதற்கும் நீங்களே பொறுப்பு.

கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் கதை வெளியே வந்தது இப்படித்தான். பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் அம்பலப்படுத்தினார்கள். அதே மாதம், ஆலையை நடத்திய இந்துஸ்தான் லீவர் நிறுவனம் அதை மூடியது.

ஆகவே தோண்டுவதை நிறுத்துங்கள். தோண்டிய குழியைத் தார்பாய் போட்டு மூடி, மழைநீர் உள்ளே இறங்காதபடி சுற்றி வரப்பு கட்டுங்கள். வளாகத்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துவதை உடனே விடுங்கள். பழைய தொட்டி, குழாய், பீப்பாய் எதையும் இரும்புக்கடைக்கு விற்காதீர்கள்.

இரண்டாம் படி: காகிதங்களைத் திரட்டுங்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைகள் (ஆலை நடத்த அது தரும் அனுமதிகள்), அபாயகரமான கழிவுக்கான அங்கீகாரம், படிவம் 3இல் எழுதும் அன்றாடப் பதிவேடு, ஒவ்வொரு ஜூன் 30க்குள்ளும் தாக்கல் செய்யும் படிவம் 4 ஆண்டறிக்கை, கழிவு லாரியோடு போகும் படிவம் 10 சரக்குச் சீட்டு. இவைதான் அடிப்படை. சரக்குச் சீட்டு ஏழு நகல், ஏழு நிறம். அழிக்கும் நிலையம் கழிவைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிய நகல் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பிய நகல் மட்டும் இருந்து, வந்து சேர்ந்த நகல் இல்லையென்றால், அந்தச் சுமை எங்கே போனது என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். ஆலைக்குள் கழிவை வைத்திருக்கப் பொதுவாக 90 நாள்தான் அனுமதி. பதிவேட்டுத் தேதிகளே அந்த மீறலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதைவிடப் பேசும் காகிதம் ஒன்று உண்டு, அதை யாரும் எடுத்து வைப்பதில்லை: கொள்முதல் ரசீது. ஒரு முலாம் பட்டறை ஆண்டுக்கு எத்தனை கிலோ குரோமிக் அமிலம் வாங்கியது, அதில் எவ்வளவு பொருளின் மேல் படிந்து வெளியே போயிருக்கும், எவ்வளவு கசடாகப் பதிவாகி அழிக்கும் நிலையத்துக்குச் சென்றது என்று மூன்று எண்ணையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது சாக்கடையிலோ மண்ணிலோ இருக்கிறது. வாரியத்தின் பொறியாளரும் எதிர்த்தரப்பு வல்லுநரும் இந்தக் கணக்கைப் போடத்தான் போகிறார்கள். அவர்களுக்கு முன் நீங்கள் போட்டுவிடுங்கள்.

முந்தைய உரிமையாளர் காலத்துக்கு வில்லங்கச் சான்று, பழைய குத்தகைப் பத்திரம், தொழிற்சாலை உரிமம், மின்கட்டண ரசீதுகள் உதவும். எந்த ஆண்டில் எந்தத் தொழில் அங்கே ஓடியது என்பதை இவற்றிலிருந்து அடுக்கிவிடலாம். பழைய தொழிலாளர்களைக் கேளுங்கள். குழி எங்கே இருந்தது என்பது வரைபடத்தில் இருக்காது, அவர்கள் நினைவில் இருக்கும்.

மூன்றாம் படி: மாதிரி எடுப்பது

வழக்கின் போக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்தப் படிதான்.

பரிசோதனைக்கூடம், கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். கூடத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் இருக்க வேண்டும். வளாகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் மேற்பரப்பு, அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று கீழே இறங்கி, கெடாத மண் வரும்வரை எடுக்கச் சொல்லுங்கள். நிலத்தடி நீரோட்டத்தின் மேற்புறம், ஆலைக்கு வெளியே, ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல், இந்த மண்ணின் இயல்பே இவ்வளவுதான் என்று நீங்களும் சொல்ல முடியாது, இல்லை என்று அவர்களும் சொல்ல முடியாது.

குரோமியம் என்றால் மொத்தக் குரோமியத்தையும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நீரில் கரைந்து ஓடுவதும் உடலைக் கெடுப்பதும் முக்கியமாகப் பின்னதுதான். கோடையில் சுவரின் அடியில் மஞ்சள் உப்பாகப் பூக்கிறதே, அது அடியிலிருந்து ஈரத்தோடு ஏறி வந்த குரோமேட்டாக, அதாவது ஆறு இணைதிறன் குரோமியத்தின் உப்பாக இருக்கலாம். நீர் மாதிரியில் வழக்கப்படி அமிலம் சேர்த்துவிட்டால் ஆறு இணைதிறன் வடிவம் மாறி, அளவு குறைத்துக் காட்டும். எனவே அதற்கான பாட்டிலில் அமிலம் சேர்க்காமல் பனிப்பெட்டியில் வைத்து விரைவாகக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கிணற்றில் தேங்கிக் கிடக்கும் நீரை முதலில் இறைத்து வெளியேற்றிவிட்டு, புது ஊற்று வந்த பிறகு பாட்டிலை நிரப்ப வேண்டும். பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்கு மாறியது என்ற சீட்டு கூடவே போக வேண்டும். அந்தச் சீட்டில் ஒரு கையெழுத்து விடுபட்டதை வைத்தே முழு அறிக்கையையும் எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கும்.

முடிவுகளைப் படிக்க இரண்டு எண்கள்: குடிநீருக்கான இந்தியத் தரப்படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், பாதரசம் 0.001 மில்லிகிராம்.

வாரிய அதிகாரி வந்து கழிவுநீர் மாதிரி எடுத்தால், 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்களுக்குச் சில உரிமைகள் தருகிறது. மாதிரி எடுக்கும்போதே உங்களுக்கு அறிவிப்புத் தர வேண்டும். உங்கள் முன்னிலையில் அதை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கேட்டால் இரண்டாவது பகுதி வேறு கூடத்துக்குப் போகும். கேட்காவிட்டால் போகாது. காவலாளியை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டு ஒளிந்துகொள்பவர் இந்த உரிமையைத் தானே தூக்கி எறிகிறார்.

நான்காம் படி: வாரியத்திடம் சொல்வது

சுற்றுச்சூழல் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வரம்பு மீறி மாசு வெளியேறினாலோ வெளியேறும் அபாயம் இருந்தாலோ, உரிய அதிகாரிக்குத் தகவல் சொல்வதும் தடுப்பதும் பொறுப்பாளரின் கடமை. அரசு இறங்கித் தடுத்தால் அந்தச் செலவை வட்டியோடு உங்களிடம் வசூலிக்கலாம், நிலவரி பாக்கியைப் போலவே. "சொன்னால் மூடிவிடுவார்களே" என்ற பயம் இருக்கிறது. மூடலாம்தான், 5ஆம் பிரிவின் கீழ் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்க உத்தரவிட முடியும். ஆனால் நீங்களாகவே ஆய்வறிக்கையோடும் தடுப்பு நடவடிக்கைகளோடும் போவதற்கும், கிணற்றுக்காரர் புகாரின் பேரில் அதிகாரி வந்து நிற்பதற்கும் பிறகு வரும் உத்தரவின் கடுமையில் வித்தியாசம் இருக்கும் என்றே நான் நினைக்கிறேன். வழக்கறிஞரிடம் வரைவைக் காட்டிவிட்டு எழுத்தில் கொடுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள், காரணத்தை ஊகிக்க வேண்டாம்.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வையும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். மாசுபட்டது உறுதியானால் பொறுப்பானவர் யார் என்று 90 நாளில் கண்டறிந்து, செலவை அவரிடம் கேட்க வேண்டும். ஆள் கிடைக்காத இடத்தில் மத்திய, மாநில அரசுகள் செலவேற்கும். கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, குப்பைக்கிடங்கு ஆகியவை இதில் சேராது. உங்கள் இடம் பட்டியலில் ஏறும்போது கையில் சொந்த ஆய்வு இல்லையென்றால், பேசப்போவது அவர்களுடைய எண்கள் மட்டுமே.

ஐந்தாம் படி: எவ்வளவு சுத்தம் போதும்?

செலவு அடங்கியிருப்பது இந்தக் கேள்வியில். கொடைக்கானலில் 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. மண் மட்டும் அங்கேயே கிடந்தது. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்கு போதுமா, சோலைக்காட்டுக்கும் பாம்பாற்றுக்கும் பக்கத்திலுள்ள இடத்துக்கு இன்னும் கடுமையான அளவு வேண்டாமா என்ற சர்ச்சை ஆண்டுக்கணக்கில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தொழிலாளர்களுக்கான கணக்கு தனி. முன்னாள் ஊழியர்கள் 591 பேருடன் நிறுவனம் 2016இல் உடன்பாட்டுக்கு வந்தது.

எந்த இலக்கும் இடத்தின் பயன்பாட்டை ஒட்டியே அமையும். தொழிற்பேட்டையாகவே தொடரும் நிலத்துக்கு ஓர் அளவு, வீட்டுமனை ஆகப்போகும் நிலத்துக்கு வேறு அளவு. மலிவான அளவை வாங்கிச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு மனை போட நினைத்தால் கணக்கு திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். அள்ளிய மண் அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று உண்டு.

யாரும் எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. அரசின் பங்கும் இருந்த குரோமேட் ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல்.

ஆறாம் படி: பணம்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிமீறலுக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. மாசுக் குறியீடு, மீறல் நாட்கள், ரூபாய்க் காரணி (குறியீட்டை ரூபாயாக மாற்றும் எண்), ஆலையின் அளவு, இருப்பிடம் ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். அதிகம் மாசுபடுத்தும் சிவப்பு வகை ஆலைக்குக் குறியீடு 80, ரூபாய்க் காரணி வழக்கமாக 250, நடுத்தர ஆலைக்கு 1, பெருநகரம் அல்லாத இடத்துக்கு 1 என்று வைத்தால் நாளுக்கு 20,000 ரூபாய். நூறு நாளுக்கு 20 லட்சம். இது மீறலுக்கு மட்டும். மண்ணை மீட்கும் செலவு தனி. இப்படி இழப்பீடு விதிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகத்தை, உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

2024 ஏப்ரலிலிருந்து சுற்றுச்சூழல் சட்டத்தில் முதல் தண்டனை சிறை அல்ல, 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். அதைக் கட்டாவிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை வரலாம். சட்டம் இளகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறும் நிறுவனத்துக்கு அபராதம் 25 கோடி வரை போகலாம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம்தான். ஆனால் அது விபத்தில் பாதிக்கப்பட்ட வெளியாருக்கு உடனடி நிவாரணம் தர எழுந்த சட்டம். உங்கள் மண்ணைத் தோண்டி எடுக்கும் செலவுக்கு அதை நம்பியிருக்காதீர்கள்.

கிணற்றுக்காரர்களுக்கு

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடும் நிலத்தை மீட்டெடுப்பதும் கேட்கும் 15ஆம் பிரிவு மனுவுக்கு ஐந்து ஆண்டு அவகாசம். பொதுவான சுற்றுச்சூழல் தகராறுக்கான 14ஆம் பிரிவில் ஆறு மாதம்தான். இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதலாகக் கிடைக்கும். எந்தப் பிரிவில் மனு போடுகிறோம் என்பதை வழக்கறிஞரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். இழப்பீடு கேட்டால் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது இல்லை. ஆலையின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து வழக்குகளில், தவறு நடந்ததா என்று பார்க்காமலே பொறுப்பைச் சுமத்தும் அடிப்படையைத் தீர்ப்பாயம் பின்பற்ற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேடு எப்போது தெரிந்தது, கால்நடை, பயிர், மருத்துவச் செலவு ஆகியவற்றைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரசீதுகளைக் கிழிக்காதீர்கள்.

இடம் வாங்கப் போகிறவர்களுக்கும் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும்

முந்தைய உரிமையாளரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, விற்பவருக்குத் தெரிந்த, சாதாரணக் கவனத்தில் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். மறைத்தால் மோசடி. மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் காலவரம்பு ஓடத் தொடங்கும். ஆனால் இது உங்கள் இருவருக்குள் உள்ள வழக்கு. இதைக் காட்டி வாரியத்திடம் தப்பிக்க முடியாது. முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு அவரைத் துரத்த வேண்டியிருக்கும்.

இனிமேல் வாங்குபவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மண்ணும் கிணறும் சோதித்து, அந்த அறிக்கையைக் கிரயப் பத்திரத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் வராத பழைய மாசு பின்னால் வெளிப்பட்டால் செலவை விற்பவர் ஏற்பார் என்ற உறுதிமொழியை வாங்குங்கள். வெறும் வாக்கியத்தை எழுதிக்கொண்டு நிற்காமல், விலையில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகளுக்கு மூன்றாம் நபரிடம் வைப்பாக வைக்கச் சொல்லுங்கள். கம்பெனியைக் கலைத்துவிட்டுப் போனவரின் உறுதிமொழியிலிருந்து பைசா வராது. குத்தகைக்கு விடுபவர்களும் இதையே செய்யலாம்: குத்தகைதாரர் நுழையும் நாளில் ஒரு மண் சோதனை, வெளியேறும் நாளில் இன்னொன்று. இரண்டாவது அறிக்கை வரும்வரை முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.